"ரெண்டாயிரம் மைலுக்கு ஒரு குவார்ட் ஆயில் நார்மல்தான்" என்கிறார் விற்பவர், அந்தப் பெட்ரோல் பிக்கப்பை வாங்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். டெக்சாஸில் இருக்கிறீர்கள். 9,000 பவுண்டு ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு கோடையில் கொலராடோ மலைப்பக்கம் போய்வர, முக்கால் டன் பெட்ரோல் பிக்கப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஐந்து வருடப் பழசு, 71,000 மைல் ஓடியது, எஞ்சின் மணிக்கணக்கு (எஞ்சின் ஓடிய மொத்த மணி நேரம்) 2,900. விற்பவர் எதையும் மறைக்கவில்லை. "ரெண்டாயிரம் மைலுக்கு ஒரு குவார்ட் ஆயில் ஊத்தணும், கம்பெனியே அது நார்மல்னு சொல்லுது" என்றிருக்கிறார். அப்புறம் இணையத்தில் தேடப்போய், பெட்ரோல் ட்ரக் எல்லாமே ஆயில் குடிக்கும் என்று படித்துப் பயந்துவிட்டீர்கள். மச்சான் வேறு டீசல் வாங்கச் சொல்கிறார். ஆயில் குடிப்பது சகஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதை அரிப்பது அதுவல்ல என்று நினைக்கிறேன். இந்த ஒரு குவார்ட் இப்படியே நிற்குமா, இல்லை பணத்தைக் கொடுத்த பிறகு இரண்டாகி, நான்காகி, கடைசியில் எஞ்சினை இறக்க வைக்குமா? விற்பவர் சொல்லும் 'நார்மல்' உங்கள் வண்டிக்கும் பொருந்துமா? இதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

கோவையில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவன் நான். டென்வர் பக்கத்தில் ஒரு பட்டறையில் பத்தொன்பது வருடமாக வேலை. கட்டடக் கான்ட்ராக்டர்கள், மரம் வெட்டுகிறவர்கள், பனி தள்ளுகிறவர்கள் என்று வண்டியைப் பிழிந்து வேலை வாங்குகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். அதனால் நான் பார்ப்பது பெரும்பாலும் அடிபட்ட வண்டிகளை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் படகு இழுக்கும் வண்டி எங்களிடம் வராது. என் அபிப்பிராயங்கள் கொஞ்சம் இருட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தால் அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். அதோடு, உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. எந்தக் கம்பெனி என்றுகூட நீங்கள் எழுதவில்லை. 'இதுதான் கோளாறு' என்று இங்கிருந்து சொல்ல முடியாது. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில், ஆயிலே குடிக்காத எஞ்சின் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டர் சுவரில் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று தங்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சுவரைத் தின்றுவிடும். அந்தப் படலத்தின் மேற்பரப்பில் கொஞ்சம் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போகிறது. உங்கள் விற்பவர் சொல்லும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 மைல் வேகத்தில், 2,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,000 சுற்று) 2,000 மைல் போனால் எஞ்சின் சுமார் 40 லட்சம் சுற்று சுற்றியிருக்கும். வி8 எஞ்சினில் ஒரு சுற்றுக்கு நான்கு வெடிப்பு, ஆக ஒரு கோடியே அறுபது லட்சம் வெடிப்பு. ஒரு குவார்ட் என்பது 946 மில்லி. வகுத்துப் பார்த்தால் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் கிட்டத்தட்ட 850 வெடிப்புகளுக்குப் பங்கு போடப்படுகிறது. இந்த அளவு எரிந்தால் புகைக் குழாயில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 'புகையே வரலையே' என்பதை வைத்து யாரும் சமாதானம் அடைய வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

சரி, '2,000 மைலுக்கு ஒரு குவார்ட்' எங்கிருந்து வந்தது? விற்பவர் அதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் டீலர்களுக்கு அனுப்பிய சர்வீஸ் புல்லட்டினில் இந்த அளவு இருக்கிறது. ஆனால் அதன் அடியில் உள்ள நிபந்தனைகளை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. வண்டி சொந்த உபயோகத்துக்கானதாக இருக்க வேண்டும், உத்தரவாத காலத்துக்குள் இருக்க வேண்டும், 36,000 மைலுக்குள் ஓடியிருக்க வேண்டும், சட்டப்படியான வேகத்தில் போக வேண்டும், ட்ரக்காக இருந்தால் சுமை ஏற்றாமல் ஓட்டியிருக்க வேண்டும். சுமை இழுத்தாலோ விரட்டி ஓட்டினாலோ இதைவிட அதிகம் குடிக்கும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. டீலர் இலவசமாக எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னால் எவ்வளவு குடித்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று போட்ட கோடு அது. நல்ல எஞ்சின் எவ்வளவு குடிக்கும் என்ற கணக்கு வேறு. இந்த வகை பெட்ரோல் ட்ரக்குகளுக்கு எஞ்சின் உத்தரவாதம் பொதுவாக 5 வருடம் அல்லது 60,000 மைல். உங்கள் வண்டி 71,000 ஓடிவிட்டது. ஆகவே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் உங்களுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. என் அனுபவத்தில், காலத்தில் ஆயில் மாற்றிய, அடிபடாத பெரிய வி8 ஒன்று 5,000 மைல் இடைவெளியில் அரைக் குவார்ட்டுக்குள் அடங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் லேசாக இறங்கியது தெரியும், ஊற்ற வேண்டியிருக்காது. அதனால் 2,000 மைலுக்கு ஒரு குவார்ட் என்பது எனக்குப் 'பயப்பட ஒன்றுமில்லை' ரகம் இல்லை. 'ஏன் என்று கேள்' ரகம்.

இன்னொன்றையும் விற்பவரிடம் கேளுங்கள்: அந்த 2,000 மைல் காலி வண்டியா, இழுவையா? மைல் கணக்கை நாங்கள் பட்டறையில் அவ்வளவாக நம்புவதில்லை, எரிபொருளோடு ஒப்பிடுவோம். காலியாக காலனுக்கு 12 மைல் கொடுக்கும் வண்டி 2,000 மைலுக்கு 167 காலன் பெட்ரோல் எரிக்கும், அதாவது 667 குவார்ட். அதில் ஒரு குவார்ட் ஆயில் என்றால் 0.15 சதவீதம். அதே வண்டி ட்ரெய்லரோடு காலனுக்கு 8 மைல்தான் கொடுக்கும். எஞ்சின் உள்ளே எந்த மாற்றமும் இல்லாமல், அதே சதவீதத்தில் குடித்தாலே, 1,330 மைலுக்கு ஒரு குவார்ட் ஆகிவிடும். அதனால் அவர் சொல்வது காலி வண்டிக் கணக்கு என்றால், உங்கள் கொலராடோ பயணத்தில் அது மோசமாகத் தெரியும். இழுவைக் கணக்கு என்றால் நிலைமை கேட்பதைவிட நல்லது. ஒரே எண், இரண்டு வேறு வண்டிகள்.

இணையத்தில் படித்துப் பயந்தீர்களே, அதைப் பற்றி. அங்கே சத்தம் அதிகமாக இருப்பவற்றில் பெரும்பகுதி அரை டன் (உங்களுடையதைவிடச் சிறிய ரகம்) வண்டிகளின் எஞ்சின்களைப் பற்றியது. 2011 முதல் 2014 வரை வந்த செவ்ரோலே சில்வராடோ, டாஹோ போன்றவற்றின் 5.3 லிட்டர் எஞ்சின் அதிகம் ஆயில் குடிப்பதாகப் போடப்பட்ட கூட்டு வழக்கில், 2022 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்ற ஜூரி ஜெனரல் மோட்டார்ஸுக்கு எதிராக 10.26 கோடி டாலர் தீர்ப்பு சொன்னது. ஃபோர்டு எஃப்-150இல் 2018 முதல் 2020 வரை வந்த 5.0 லிட்டர் எஞ்சின் ஆயில் குடிப்பதாகப் புகார் வந்தபோது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டி உருளும் நேரத்தில் காற்று உள்ளே வரும் இன்டேக் பக்கம் உண்டாகும் அதிக வெற்றிடம் ஆயிலை மேலே உறிஞ்சுகிறது என்று கம்பெனி காரணம் சொன்னது. கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றினார்கள். கூடவே டிப்ஸ்டிக்கையும் மாற்றினார்கள்: புது டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே இடைவெளி அதிகம். அதைப் பார்த்து எங்கள் பட்டறையில் சிரிக்காத ஆள் இல்லை, ஆனால் புரோகிராம் மாற்றத்துக்குப் பின்னால் இருந்த காரணம் நியாயமானதுதான். அப்புறம் 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் எஞ்சின் திரும்பப் பெறப்பட்டது, அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய ஆறு லட்சம் வண்டி. சோதனையில் தேறியவற்றுக்கு 0W-20க்குப் பதில் அதைவிடக் கனமான 0W-40 ஆயில் ஊற்றச் சொன்னதால் எல்லாரும் இதையும் 'ஆயில் பிரச்சினை' கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அது கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு தயாரிப்புக் குறை. ஆயில் குடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இந்த மூன்று எஞ்சினும் நீங்கள் தேடும் முக்கால் டன் (2500, எஃப்-250) வகை வண்டிகளில் வருவதில்லை.

அவற்றில் வருவது வேறு. ஃபோர்டில் 2020 முதல் 7.3 லிட்டர், 2023 முதல் அதன் தம்பி 6.8 லிட்டர், அதற்கு முன்னால் 6.2 (மேலே சொன்ன ஜெனரல் மோட்டார்ஸ் 6.2 வேறு). ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) செவ்ரோலேவிலும் ஜிஎம்சியிலும் 2020 முதல் 6.6, அதற்கு முன்னால் 2019 வரை பழைய 6.0. ராமில் 6.4 ஹெமி. உங்களுடையது ஐந்து வருடப் பழசு என்றால் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எல்லாமே இரும்பு பிளாக், டர்போ கிடையாது. ஃபோர்டு 7.3, ஜிஎம் 6.6 இரண்டும் 8 குவார்ட் 5W-30 கொள்ளும், ஹெமி 6.4 கொள்வது 7 குவார்ட், அதற்கு 0W-40. இவற்றில் ஏதாவது ஒன்று கூட்டமாக ஆயில் குடித்து எங்கள் வாசலில் வந்து நின்றதில்லை. தனித்தனி வண்டிகள் வந்திருக்கின்றன, மூன்று கம்பெனியிலும். அதனால் 'எந்தக் கம்பெனி வாங்கலாம்' என்ற கேள்வியை, ஆயில் குடிப்பதை மட்டும் வைத்து என்னால் தீர்க்க முடியாது. ஆனால் வித்தியாசம் இருக்கிறது. ஜிஎம் 6.6 பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சும். மற்றவை இன்டேக் வால்வுக்கு முன்னால் பீச்சும். நேராகப் பீச்சும் எஞ்சினில் குளிர்காலத்துக் குட்டிப் பயணங்களில் பெட்ரோல் ஆயிலோடு கலப்பது அதிகம், வால்வின் முதுகில் கரி படிவதும் அதிகம். ஹெமியில் சுமை இல்லாதபோது நான்கு சிலிண்டரை மூடிவிடும் ஏற்பாடு உண்டு. அதில் பேசப்படும் பெரிய புகார் வால்வுகளை இயக்கும் லிஃப்டரும் கேம் ஷாஃப்டும் தேய்வது. ஆயில் குறைந்த நிலையில் ஓட்டுவது அந்தத் தேய்மானத்துக்கு நல்லதல்ல என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதுதான் காரணம் என்று சொல்கிறவர்கள் தெரிந்ததைவிட அதிகம் சொல்கிறார்கள்.

'குடிக்கிறது' என்று வருகிற வண்டிகளில் கணிசமான பங்கு குடிக்கவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டவேலைக்காரர் ஒருவர் 1,000 மைலுக்கு ஒரு குவார்ட் குறைகிறது என்று மூன்று முறை வந்தார். மூன்றாவது முறை நான் அவரிடம் பழைய ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேட்டேன். அவர் போகும் அவசர ஆயில் கடையின் கம்ப்யூட்டரில் அந்த வருட மாடலுக்கு வேறொரு எஞ்சினின் கொள்ளளவு இருந்திருக்கிறது. 8 ஊற்ற வேண்டிய இடத்தில் 7 ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும். அவர் டிப்ஸ்டிக்கைப் பார்ப்பதே 1,000 மைல் கழித்து. குறைந்த ஆயில் எங்கேயும் போகவில்லை, அது டப்பாவை விட்டே வெளியே வரவில்லை. இன்னொரு வண்டியில் ஒழுகல்: எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்கு மேலே. நின்றால் ஒரு சொட்டு விழாது, இழுவையில் மேடு ஏறும்போது மட்டும் கசியும், காற்று அதை அடித்துப் பின்னால் முழுக்கப் பூசிவிடும். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் ட்ரெய்லர் கொக்கி வரைக்கும் மெல்லிய பிசுக்கு, அதன்மேல் தூசி. வீட்டு வாசலில் கறை இல்லை என்பதால் உரிமையாளர் ஒழுகலே இல்லை என்று சத்தியம் செய்தார். மூன்றாவது வகை கொஞ்சம் வேடிக்கை. குளிர்காலம் முழுக்க ஐந்து மைல், ஐந்து மைலாக ஓட்டினால் பெட்ரோல் ஆயிலில் இறங்கிக் கலக்கும். எரிந்த ஆயில் அளவுக்குப் பெட்ரோல் வந்து சேர்வதால் டிப்ஸ்டிக்கில் அளவு அசையாது. கோடையில் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பினால் சூட்டில் அந்தப் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஐந்நூறு மைலில் ஒரு குவார்ட் காணோம் என்று பதறுவார்கள். அது ஆறு மாதமாகக் காணாமல் போனதுதான், அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது உங்கள் வண்டி. பார்க்கப் போவதற்கு முந்தின நாள் விற்பவரிடம், "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து எக்ஸாஸ்ட் பக்கம் கையை நீட்டிப் பாருங்கள், சூடு தெரியக் கூடாது. சமதளத்தில் நிற்கிறதா பாருங்கள். டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். கீழ் கோட்டில் இருந்தால், '2,000 மைலுக்கு ஒரு குவார்ட்' என்று தெரிந்தே வைத்திருக்கும் மனிதர் ஊற்றாமல் ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு அது ஒரு குவார்ட் குடிப்பதைவிடப் பெரிய செய்தி. மேல் கோட்டுக்கு மேலே, பளபளவென்று தேன் நிறத்தில் இருந்தால் நேற்றுதான் மாற்றியிருக்கிறார், ரசீதைக் கேளுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே தெரியும் இரும்பைப் பாருங்கள். வெளிர் பழுப்பு பரவாயில்லை, கருத்துப் பாகு போல ஒட்டியிருந்தால் ஆயில் மாற்றும் இடைவெளி நீண்டிருக்கிறது. அப்படிப்பட்ட எஞ்சினில் ஆயில் ரிங்கின் பின்னாலிருக்கும் சின்னத் துளைகளும் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். ரிங் வழித்தெடுத்த ஆயில் திரும்பி இறங்க வழியில்லாமல் மேலே போய் எரியும்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். முதல் சில வினாடி நீலப் புகை வந்து அடங்கினால் இரவெல்லாம் வால்வ் சீல் வழியாக ஆயில் இறங்கியிருக்கிறது. பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் வரும் புகையும் பெரும்பாலும் அதே ரகம். நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு உருண்டு வந்து, கீழே மறுபடி மிதிக்கும்போது வந்தால் ரிங் அல்லது வால்வ் கைடு. டெக்சாஸில் உங்கள் பக்கம் இறக்கத்துக்கு எங்கே போவது என்பது வேறு கேள்வி. மேம்பாலம் ஒன்றுக்கு இரண்டு தடவை போய் வாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதித்தால் அது தங்கம். எட்டில் ஒன்று மட்டும் எண்ணெய்க் கறையோடு இருந்தால் அந்தச் சிலிண்டரில் வேலை. எட்டும் ஒரே மாதிரி லேசாக இருந்தால் பிசிவி வால்வ், அதாவது எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக ஆயில் போகிறதா என்று முதலில் பார்ப்பேன். அது சில பத்து டாலரில் முடிகிற வேலையாகவும் இருக்கலாம். ஹெமி என்றால் பிளக் பதினாறு, பொறுமை வேண்டும். ஒரு எச்சரிக்கை: 'கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணோம், எல்லாம் நல்லா இருக்கு' என்று சொன்னால் மயங்காதீர்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் அந்தச் சோதனை மேலே உள்ள இரண்டு ரிங்கையும் வால்வுகளையும்தான் சொல்லும். ஆயிலை வழிக்கும் மூன்றாவது ரிங் ஒட்டிப்போயிருந்தாலும் கம்ப்ரஷன் நன்றாகவே காட்டும். சில சமயம் ஆயில் சேர்ந்து அடைப்பதால் இன்னும் அழகாகக் காட்டும்.

மணிக்கணக்கை எழுதியிருந்தீர்கள், அதற்கு நன்றி. நிறைய பேர் அதைக் கேட்பதே இல்லை. 71,000 மைலை 2,900 மணியால் வகுத்தால் மணிக்கு 24 மைல் சொச்சம். ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓடிய வண்டியின் சராசரி இது. 15க்குக் கீழே இருந்திருந்தால், கட்டட வேலையிடத்தில் ஏசிக்காக நாள் முழுக்க நின்று ஓடிய வண்டி என்று சொல்லியிருப்பேன். சும்மா ஓடும் ஒரு மணி நேரத்தை 25 முதல் 35 மைல் ஓடியதற்குச் சமம் என்று கணக்கிடுவது எங்கள் வழக்கம். மீட்டரில் சும்மா ஓடிய மணியைத் தனியாகக் காட்டும் வண்டி என்றால் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகத்துக்குரிய விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். 'கொஞ்சம் கனமான ஆயில் போடுங்க, நின்னுடும்' என்பார்கள். சில எஞ்சினில் குறையும், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ரிங் துளை அடைத்த எஞ்சினில் அது காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது மாதிரி. சூட்டில் ஆயில் ஆவியாவதும் ஒரு பங்கு. தரச்சான்று பெற்ற ஆயில்களிலேயே ஆய்வகச் சோதனையில் 15 சதவீதம் வரை ஆவியாகலாம் என்பது ஜிஎஃப்-6 என்ற ஆயில் தரத்தின் அனுமதி. அதனால் மலிவு ஆயிலிலிருந்து நல்ல முழு சிந்தெடிக்குக்கு மாறியதும் குறைந்தது என்று யாராவது சொன்னால் நம்பலாம். ரிங்கில் படிந்த கரியைக் கழுவும் என்று விளம்பரம் செய்யும் ஆயில்களை மூன்று வண்டியில் போட்டுப் பார்த்தோம். ஒன்றில் நன்றாகக் குறைந்தது, ஒன்றில் கொஞ்சம், ஒன்றில் ஒன்றுமே இல்லை. மூன்று வண்டியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நெடுகச் சும்மா ஓடவிட்டால் லிஃப்டருக்கு ஆயில் போதாது என்று ஹெமிக்காரர்கள் சொல்வதும் அப்படித்தான். கேட்க நியாயமாக இருக்கிறது, சண்டை இன்னும் ஓயவில்லை.

சந்தேகமே இல்லாதது ஒன்று உண்டு. எஞ்சினைக் கொல்வது ஆயில் குடிப்பதல்ல, குடித்ததைக் கவனிக்காமல் ஓட்டுவது. 8 குவார்ட் கொள்ளும் எஞ்சின் 2,000 மைலுக்கு ஒன்று குடித்தால், 7,500 மைலில் ஆயில் மாற்றும்போது மிச்சம் நான்கேகால். மீட்டரில் 'ஆயில் லைஃப்' 10 சதவீதம் என்று காட்டும். அது ஆயிலின் ஆயுளைச் சுற்று, சூடு எல்லாம் வைத்துப் போடும் கணக்கு, அளவை அது பார்ப்பதே இல்லை. ஆயில் பிரஷர் விளக்கு எரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். இப்போது உங்கள் பயணத்தை நினைத்துப் பாருங்கள். ஃபோர்டு 7.3, ஜிஎம் 6.6, ஹெமி 6.4 மூன்றுக்கும் முழு டார்க் (முறுக்கு விசை) வருவது 4,000 ஆர்பிஎம்மில்தான். கொலராடோவில் டில்லனிலிருந்து ஐசனோவர் சுரங்கத்துக்கு ஏறும் பாதை ஏழு சதவீதம் வரை ஏற்றம், எட்டு மைல். மேலே 11,000 அடிக்கு மேல் உயரம். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று சதவீதம் சக்தியை இழக்கும், அங்கே மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். 9,000 பவுண்டை இழுத்துக்கொண்டு 4,500 ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டுதான் ஏறும். அப்புறம் மறுபக்கம் இறங்கும்போது இழுவைக்கென்று இருக்கும் டோ-ஹால் மோடு கியரைக் குறைத்து எஞ்சினையே பிரேக்காக்கும். அந்த நேரத்து வெற்றிடம்தான் நான் மேலே சொன்ன ஆயில் உறிஞ்சும் நேரம். ஏறும்போதும் குடிக்கும், இறங்கும்போதும் குடிக்கும். நான்கேகால் குவார்ட்டோடு அந்த வளைவுகளில் போவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மலை இழுவையில் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் முதலில் பெட்ரோல், அப்புறம் கண்ணாடி துடைப்பது, அதற்குள் ஆயில் கீழே இறங்கியிருக்கும், டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். வண்டியில் எப்போதும் இரண்டு குவார்ட் கிடக்கட்டும்.

புது வண்டியோ உத்தரவாதம் மிச்சமுள்ள வண்டியோ வாங்க முடியும் என்றால் வேறு வழி இருக்கிறது. ஆயில் குறைகிறது என்று டீலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அவர்கள் முழு அளவு ஊற்றிக் குறித்துக்கொண்டு, குறிப்பிட்ட மைல் ஓட்டிவரச் சொல்லி அளப்பார்கள். அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள். 60,000 மைல் தாண்டிய பிறகு பேச அது ஒன்றுதான் இருக்கும். வீட்டிலேயே ஆயில் மாற்றினாலும் உத்தரவாதம் போகாது, 1975ஆம் வருடத்து மேக்னசன்-மாஸ் சட்டம் அதற்கு இருக்கிறது, ஆனால் ஆயில், ஃபில்டர் ரசீதும் தேதியும் மைலும் உங்கள் கையில் இருக்க வேண்டும். புது எஞ்சின் முதல் சில ஆயிரம் மைல் கொஞ்சம் கூடக் குடிக்கும், ரிங் சுவரோடு படியும்வரை. ஆரம்பத்தில் ட்ரெய்லரை மாட்டாதீர்கள். ஜிஎம் 500 மைல், ஃபோர்டு சூப்பர் டியூட்டி 1,000 மைல் என்று கையேட்டிலேயே சொல்கிறது.

மச்சான் சொன்ன டீசல்: 9,000 பவுண்டு, வருடத்துக்கு ஒன்றிரண்டு பயணம் என்றால் நான் வாங்க மாட்டேன். மலையில் அதன் சுகமே தனி, மறுக்கவில்லை. ஆனால் புது வண்டியில் சுமார் 10,000 டாலர் கூடுதல், ஆயிலும் 10 முதல் 13 குவார்ட் வரை கொள்ளும், புகை வடிகட்டியும் யூரியா சமாச்சாரமும் கெட்டால் பில் வேறு ரகம். அதோடு டீசலும் ஆயில் குடிக்கும், மச்சானிடம் சொல்லுங்கள்.

நீங்கள் பார்த்த வண்டிக்கு வருவோம். மணிக்கணக்கு நன்றாக இருக்கிறது, விற்பவர் தானாகவே சொல்லியிருக்கிறார், இரண்டும் நல்ல அறிகுறி. ரசீதுகள் இருந்து, டிப்ஸ்டிக் காலையில் மேல் கோட்டருகே நின்று, பிளக்குகள் ஒரே மாதிரி இருந்து, அவர் சொன்னது ட்ரெய்லர் இழுத்த கணக்கு என்றால் நான் வாங்குவேன், விலையில் ஆயிரம் டாலராவது குறைத்து. காலி வண்டிக்கே 2,000 மைலுக்கு ஒன்று என்றால், பிசிவி வால்வை மாற்றி இன்னொரு ஆயிரம் மைல் ஓட்டிக் காட்டச் சொல்வேன். சம்மதிக்காவிட்டால் வேறு வண்டி பார்ப்பேன், 71,000 மைலுக்கு இந்த எஞ்சின்கள் இன்னும் இளமைதான், சந்தையில் நிறைய கிடக்கின்றன. நீங்கள் போய்ச் சேரும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால் கோபப்பட வேண்டாம். அவர் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். எந்தக் கம்பெனி, என்ன எஞ்சின், டிப்ஸ்டிக் எங்கே நின்றது என்று எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.